காட்டில் ஒரு ஹாலோவீன் வாரம்: வெளிப்புற நர்சரிக்கான செய்முறை

அக்டோபர் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். பேய் வேஷமும் பரங்கிக்காய் விளக்குமாகக் கொண்டாடும் ஹாலோவீன் நாளான 31ஆம் தேதி, லண்டனோ எடின்பரோவோ, மாலை 4:30ஐ ஒட்டிச் சூரியன் விழுந்துவிடும். மரத்தடியில் அதற்கு முக்கால் மணி முன்பே மங்கல் தொடங்கும். நாள் முழுக்கக் காட்டிலும் தோட்டத்திலுமே நடக்கிற வெளிப்புற நர்சரிப் பள்ளியில், இந்த வாரத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வெளிச்சக் கணக்கைத்தான். முடிச்சு, ஒட்டு, துளை என்று விரலுக்கு வேலை தருவதெல்லாம் காலை 10க்கும் 12க்கும் இடையில் முடியட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டமும் ஒளிந்து பிடித்தலும். விளக்கு ஏற்றுவது 3:30க்கு மேல். மாற்றிப் போட்டால், விறைத்த விரலால் நூலைப் பிடிக்க முடியாமல் மூன்று மணிக்குப் பாதிக் குழு அழுதுகொண்டிருக்கும்.

அடுத்தது ஆள் கணக்கு. இங்கிலாந்தில் 2 வயதுப் பிள்ளைகள் 5 பேருக்கு ஒரு பெரியவர், 3 வயதுக்கு மேல் பொதுவாக 8 பேருக்கு ஒருவர் என்பது விதி. ஆனால் கத்தி, துளைக்கருவி, தீ என்று வந்தால் ஒரு பிள்ளைக்கு ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் ஒரே காலையில் தீயும் பரங்கிக்காயும் வைக்காதீர்கள். நாளைக்கு ஒரு பெரிய வேலை, அதைச் சுற்றி ஆள் தேவைப்படாத இரண்டு சின்ன வேலைகள் போதும். இணையத்தில் பார்த்த பதினைந்து ஐடியாக்களையும் ஐந்து நாளில் அடைக்கப் பார்த்தால் எதுவுமே உருப்படியாக நடக்காது.

பிள்ளைகள் வருவதற்கு முன்

40 நிமிடம் முன்பே போய் இடத்தைச் சுற்றி வாருங்கள். முதலில் மேலே பாருங்கள். அக்டோபரில் இலை இன்னும் முழுக்க உதிர்ந்திருக்காது. இலையோடு இருக்கிற மரம் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். இலையில்லாத ஜனவரி மரம் தாங்கிக்கொள்கிற காற்றில் அக்டோபர் மரத்தின் கிளை முறியும். பெரிய கிளைகள் அசையத் தொடங்கினால் காற்று மணிக்கு 25 மைலைத் தாண்டிவிட்டது என்று பொருள். முழு மரமும் ஆடினால் 32 மைலுக்கு மேல். அதுவரை காத்திருக்காமல், கிளை அசையும்போதே திறந்த புல்வெளிக்கு வந்துவிடுங்கள்.

பிறகு கீழே. கண்ணாடித் துண்டு, நாய்க்கழிவு, விழுந்து புளித்த ஆப்பிளைச் சுற்றும் குளவி இவற்றைத் தேடுங்கள். இலைக்குவியலில் குதிக்க விடுவதானால் முதலில் குவியலைக் கிளறிப் பார்த்து, புதிதாகக் குவியுங்கள். முந்தின நாள் குவித்ததில் முள்ளெலி படுத்திருக்கலாம்.

காளான்கள் உச்சத்தில் இருக்கும் மாதம் இது. பர்ச் மரத்தடியில் சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்து நிற்கும் ஃப்ளை அகாரிக், படப்புத்தகத்தில் இருந்து இறங்கி வந்தது போலவே இருப்பதால் பிள்ளைகள் அதை நோக்கித்தான் ஓடுவார்கள். ஓக் மரத்தடியில் வெளிறிய பச்சையாக, கண்ணில் படாமல் நிற்கும் டெத் கேப்போ ஆளையே கொல்லும். தொட்டால் விஷம் ஏறாது, தின்றால்தான். ஆனால் மூன்று வயதில் தொட்ட கை எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. எது நல்ல காளான், எது கெட்டது என்று அந்த வயதுக்குப் பாடம் நடத்துவது வீண். ‘பறிக்காதே, நக்காதே, வாயில் வைக்காதே’ என்ற ஒரே விதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். காளானைச் சுற்றி மூன்று குச்சியால் முக்கோணம் போட்டு, வெளியே இருந்து பார்க்கச் சொல்லுங்கள். தேவாலயத்தை ஒட்டிய இடமானால் யூ மரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் இலையும், சிவப்புச் சதைக்குள் இருக்கும் கொட்டையும் கொடிய விஷம்.

காங்கர் எனப்படும் ஹார்ஸ் செஸ்ட்நட் கொட்டைகளைப் பொறுக்காமல் எந்தப் பிரிட்டிஷ் குழந்தையும் அக்டோபரைக் கழிக்காது. அதுவும் தின்னக்கூடாதது. தின்னக்கூடிய ஸ்வீட் செஸ்ட்நட்டோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க மேலோட்டைப் பாருங்கள். காங்கரின் பச்சை ஓட்டில் குட்டையான முட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், கொட்டை மழுங்கி உருண்டிருக்கும். மற்றதன் ஓடு முள்ளெலியைப் போல அடர்ந்த மெல்லிய ஊசிகளால் மூடியிருக்கும், கொட்டையின் நுனியில் சின்ன வால் இருக்கும். எல்லாவற்றையும் வாயில் போட்டுப் பார்க்கிற பிள்ளை குழுவில் இருந்தால் காங்கரை வெளியே எடுக்காதீர்கள். தொண்டையை அடைக்கிற அளவு அது. பொறுக்கியதைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடினால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளில் பரப்பி வையுங்கள்.

பரங்கிக்காய்

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ஹாலோவீன் விளக்கு முதலில் டர்னிப் கிழங்கில்தான் குடையப்பட்டது. ஸ்காட்லாந்தில் இன்றும் சிலர் ‘நீப்’ என்று அங்கே சொல்லும் அந்தக் கிழங்கைக் குடைவதுண்டு. கல்லு போல இருக்கும் அதைப் பெரியவர் குடையவே அரை மணி ஆகும், பிள்ளைகளுக்கு ஆகாது. அமெரிக்காவில் இருந்து வந்த பரங்கிக்காயே மேல்.

மூன்று பிள்ளைகளுக்கு 2 முதல் 3 கிலோவில் ஒன்று. வெட்டிய காய் ஈரத்தில் நாலைந்து நாளில் நைந்து உள்ளே விழுந்துவிடும். எனவே 31ஆம் தேதி எரிய வேண்டியதை 29க்கு முன் வெட்டாதீர்கள். முதல் நாள் இரவே காய்களைக் கட்டடத்துக்குள் எடுத்து வையுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். வெளியே கிடந்த காயின் உள்சதை ஐஸ் மாதிரி இருக்கும். இரண்டு நிமிடத்தில் விரல் வலித்து, பிள்ளை ‘வேண்டாம்’ என்று எழுந்து போகும். அதைப் பார்த்து ‘வழவழப்பு பிடிக்கவில்லை’ என்று நினைத்துக்கொள்வோம். காரணம் பெரும்பாலும் குளிர்தான். பக்கத்திலேயே ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரும் துண்டும் இருக்கட்டும்.

மூடியைப் பெரியவர்தான் வெட்ட வேண்டும். பிள்ளையின் இரண்டு கையும் நுழைகிற மாதிரி 12 முதல் 15 செ.மீ. அகலம் வேண்டும். கத்தியை நேராக இறக்காமல் உள்நோக்கிச் சாய்த்து வெட்டுங்கள், நேராக வெட்டிய மூடி உள்ளே விழுந்துவிடும். பின்பக்கம் ஒரு சின்ன முக்கோணக் காடி வெட்டி வைத்தால், மூடியை எந்தத் திசையில் பொருத்துவது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். காயை ஈரப் புல்லில் வைக்காமல், பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஈரத்துண்டு விரித்து உட்கார வையுங்கள். உருளாது. குடைய உலோகக் கரண்டியும் ஐஸ்கிரீம் கரண்டியும் நல்லது. பிளாஸ்டிக் கரண்டி முதல் அழுத்தத்திலேயே முறியும்.

கத்தியைத் தொடாமல் பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கோல்ஃப் பந்தைத் தாங்கும் மரமுளைகளை வாங்கி, சின்ன மரச்சுத்தியால் குடையாத காயில் அடிப்பது. தோல் கெட்டியாக இருப்பதால் முளை சறுக்கும், சுத்தி விரலில் விழும். அதனால் பெரியவர் குத்தூசியால் முன்னதாக 1 செ.மீ. ஆழத்துக்குத் துளைகள் போட்டு வைக்க வேண்டும். ஆளுக்கு 15 முளை. மண்டியிட்டுத்தான் அடிக்க வேண்டும், கையில் சுத்தியோடு எழுந்து நடக்கக்கூடாது. அடித்து முடித்த முளைகளுக்கு இடையே ரப்பர் வளையங்களை மாட்டினால் சிலந்திவலையோ முகமோ வரும். முளைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். அன்றே பிடுங்கிவிடுங்கள், மழையில் ஊறி உப்பிய முளை வெளியே வராது.

விளக்கு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கடையில் கிடைக்கிற குட்டி எல்.இ.டி. மெழுகுவத்திகள் பலவற்றில் நாணயம் போன்ற லித்தியம் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். பேட்டரி அறை திருகாணியால் மூடியிருப்பதை மட்டும் வாங்குங்கள், அல்லது ஏ.ஏ. பேட்டரியில் எரியும் சரவிளக்கை உள்ளே சுருட்டி வையுங்கள். பட்டன் பேட்டரி காணாமல் போய், விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சிலந்திவலை

காசில்லாமல் கிடைக்கிற ஹாலோவீன் அலங்காரம் இது. கடையில் விற்கும் பஞ்சு வலையைக் காட்டில் கட்டாதீர்கள். அதன் பாலியஸ்டர் இழையில் பறவையும் தேனீயும் சிக்கும்.

முதுகில் வெள்ளைச் சிலுவைக் குறி உள்ள தோட்டச் சிலந்தி, செப்டம்பர் அக்டோபரில்தான் முழு வளர்ச்சியில் பெரிய வட்ட வலை பின்னும். காலை 9 மணிவாக்கில், வெயில் தாழ்வாக இருக்கும்போது, வலை உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் வருகிற மாதிரி நில்லுங்கள். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் புட்டியை மெல்லிய தூவலுக்குத் திருகி, 40 செ.மீ. தள்ளி நின்று இரண்டு முறை அழுத்துங்கள். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு முழு வலை வெளிவரும், ஒவ்வோர் இழையிலும் கோத்த மணி போல நீர். பீய்ச்சி அடித்தால் வலை அறுந்துவிடும், அதனால் புட்டி முதலில் பெரியவர் கையில் இருக்கட்டும். சிலந்தி நடுவில் இல்லையென்றால் ஓரத்து இலைச்சுருளில் தேடுங்கள். ஒரு காலை இழைமேல் வைத்தபடி ஒளிந்திருக்கும், இழை அதிர்ந்தால் வெளியே வரும். இதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அடுத்த வேலையை விளக்க வேண்டியதே இல்லை.

40 செ.மீ. நீளக் குச்சிகள் மூன்றை நட்சத்திரமாக வைத்து, நடுவில் பெரியவர் இறுக்கிக் கட்டித் தருகிறார். பிள்ளை 5 மீட்டர் கம்பளி நூலை நடுவில் இருந்து தொடங்கி, ஒவ்வொரு குச்சியையும் ஒரு சுற்றுச் சுற்றி அடுத்ததற்குப் போகிறது. சுற்றாமல் மேலே போட்டுக்கொண்டே போனால் நூல் முழுக்க நடுவுக்குச் சரிந்துவிடும். வழவழப்பான அக்ரிலிக் நூலும் சரியும், சொரசொரப்பான கம்பளிதான் பிடிக்கும். நூலை முன்பே வெட்டி அட்டைத்துண்டில் சுற்றி வையுங்கள். முழு உருண்டையைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் எட்டுப் பிள்ளைகளும் ஒரே வலையில் இருப்பார்கள்.

களிமண் முகங்கள்

குயவர் களிமண் 12.5 கிலோ பையில் கிடைக்கும். ஆளுக்கு 300 கிராம் என்றால் 24 பேருக்கு 7 கிலோவும் கொஞ்சமும். காற்றில் காயும் செயற்கை வகை காட்டுக்கு வேண்டாம், அதில் நைலான் இழை கலந்திருக்கலாம்.

களிமண்ணை உருட்டித் தட்டி அடை மாதிரி ஆக்கி, மரப்பட்டையில் அறைந்து, விளிம்புகளைக் கட்டைவிரலால் பட்டையின் வெடிப்புக்குள் தேய்த்து இழுக்க வேண்டும். விளிம்பு தேய்க்காத முகம் பத்து நிமிடத்தில் கீழே விழும். ஓக் போன்ற சொரசொரத்த பட்டையில் நன்றாக ஒட்டும், வழவழத்த பீச் மரத்தில் ஒட்டவே ஒட்டாது. மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணுக்கு ஓக் கொட்டையின் (ஏகார்ன்) கிண்ணம், முடிக்குப் பெரணி இலை, பல்லுக்குக் குச்சி. மழையில் கரைந்து போவதால் எடுக்க வேண்டிய வேலையும் இல்லை. நாளுக்கு நாள் மூக்கு கரைந்து வருவதைப் பிள்ளைகள் தினம் போய்ப் பார்ப்பார்கள்.

மிஞ்சிய களிமண்ணில் அகல்விளக்கு செய்யலாம். தீபாவளி இந்த வாரங்களை ஒட்டியே வரும், 2024இல் இரண்டும் ஒரே நாளில் வந்தன. சுடாத மண் எண்ணெயைக் குடித்துவிடும் என்பதால் திரி போட முடியாது, திருகாணி போட்ட பேட்டரி விளக்கை உட்கார வைக்கிற அளவுக்குக் குழி போதும்.

சூனியக்காரி கஷாயம்

பாதிச் சிவப்பு முட்டைக்கோசை நறுக்கி ஒரு லிட்டர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்க விட்டு வடிகட்டினால் ஊதா நீர். வினிகரோ எலுமிச்சையோ விட்டால் இளஞ்சிவப்பு, சமையல் சோடா போட்டால் நீலம், இன்னும் போட்டால் நீலப்பச்சை. பழைய பானையில் 100 மி.லி. ஊதா நீர், 2 மேசைக்கரண்டி சோடா, ஒரு பீய்ச்சு பாத்திரம் கழுவும் திரவம். அதில் வினிகரைக் கரண்டி கரண்டியாக விட்டால் நுரை பொங்கும். எல்லாச் சோடாவையும் முதல் பிள்ளையே கவிழ்த்துவிடும், எனவே சோடாவை ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் பிரித்து வையுங்கள். வினிகர் பட்ட கண் எரியும், ஆகவே ஊற்றும் பாத்திரம் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும். ‘கஷாயம்’ என்று சொன்னாலும் குடிக்கக் கூடாது என்பதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தீயும் தீனியும்

பாப்கார்னும் மார்ஷ்மெல்லோவும் 5 வயதுக்குக் கீழே வேண்டாம், இரண்டுமே மூச்சுக்குழலை அடைக்கக்கூடியவை. முழுக்கடலை, கெட்டி மிட்டாய், முழுதாக வறுத்த பரங்கி விதையும் அப்படியே. ஆப்பிளைப் பச்சையாகத் தருவதானால் மெல்லிசாகச் சீவித் தாருங்கள். தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் ஆப்பிளைப் பல்லால் கவ்வும் பழைய விளையாட்டில் எல்லார் எச்சிலும் ஒரே தண்ணீரில் கலக்கும். தலையும் முங்கும். வலைக்கரண்டியால் ஆப்பிள் பிடிக்க விடுங்கள், முடிந்த உடனே தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள்.

தீயில் செய்யச் சிறந்தது டென்மார்க் பழக்கமான குச்சி ரொட்டி. எட்டுப் பேருக்கு 300 கிராம் செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்த மைதா), 50 கிராம் வெண்ணெய், 150 மி.லி. பால், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயை மாவில் பிசிறி, பாலை விட்டு, சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசையுங்கள். எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் விரல் தடிமனுக்கு உருட்டி, 80 செ.மீ. நீளக் குச்சியின் நுனியில் இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். ஹேசல் குச்சி நல்லது. நுனியில் 15 செ.மீ. பட்டையை உருளைக்கிழங்கு சீவியால் பிள்ளைகளே சீவலாம். சீவி இல்லாத மறு கைக்கு மட்டும் கையுறை, சீவுவது உடம்பை விட்டு வெளிப்பக்கமாக. யூ, லாரல், எல்டர், ரோடோடெண்ட்ரான் குச்சிகளில் விஷம் உண்டு. என்ன மரம் என்று தெரியாத குச்சி உணவில் படக்கூடாது.

தணலில் 8 முதல் 10 நிமிடம். சுவாலையில் பிடித்தால் வெளியே கரியாகி உள்ளே மாவாகவே இருக்கும். ரொட்டி குச்சியில் இருந்து தானாகக் கழன்றால் வெந்துவிட்டது. மூன்று வயதுக் கை மூன்று நிமிடத்துக்கு மேல் குச்சியைப் பிடிக்காது, ஆகவே கவட்டைக் குச்சி ஒன்றை ஊன்றி அதில் சாய்த்து வையுங்கள். கழன்ற குழலை இரண்டு நிமிடம் ஆறவிட்டு ஜாம் வையுங்கள்.

உட்காரும் கட்டைகள் தீக்குழியில் இருந்து 2 மீட்டர் தள்ளி. யாரும் வட்டத்துக்கு உள்ளே நடக்கக்கூடாது, வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய்க் கட்டையைத் தாண்டி உட்கார வேண்டும். தீக்காயத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வைக்க வேண்டும் என்பதால், காட்டுக்குள் குழாய் வைத்த 20 லிட்டர் கேன் ஒன்று தீக்கென்றே தனியாக இருக்கட்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று திறந்தால் சரியாகப் போதும். வேஷம் போட்ட பிள்ளை தீ வட்டத்துக்குள் வரவே கூடாது. அந்த மேலங்கிகள் பெரும்பாலும் பாலியஸ்டர், பற்றினால் உருகித் தோலில் ஒட்டும்.

வேஷமும் பயமும்

மழைக்கோட்டுக்கு உள்ளே போட்ட வேஷம் யாருக்கும் தெரியாது, மேலே போட்டது கிளையில் மாட்டும். அதனால் வீட்டுக்கு அனுப்பும் குறிப்பில் ‘தலையில் ஒன்று, பின்னால் ஒன்று’ என்று மட்டும் எழுதுங்கள். தொப்பியில் ஆந்தைக் காது, இடுப்பில் வால். முகமூடி வேண்டாம், பக்கப் பார்வை மறைந்து வேரில் தடுக்கி விழுவார்கள். கழுத்தில் கட்டும் கயிறும் வேண்டாம்.

பூச்சாண்டி காட்டிச் சோறு ஊட்டிய பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, பிள்ளை பயப்படுவது வேடிக்கையாகத் தோன்றலாம். 2 வயதில் முகமூடிக்குப் பின்னால் இருப்பது தெரிந்த அக்காதான் என்று புரியாது. பெரியவர்கள் வேஷம் கட்டுவதானால் பிள்ளைகள் கண்ணெதிரே, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள். வௌவால், ஆந்தை, முள்ளெலி, சிலந்தி என்று இரவில் விழித்திருக்கும் உயிர்களை வைத்து நடத்தினால் பேயே தேவைப்படாது. மத நம்பிக்கையால் ஹாலோவீன் கொண்டாடாத வீட்டுப் பிள்ளைகளையும் அந்த வாரம் ஒதுக்க வேண்டியிருக்காது. பெற்றோரிடம் இரண்டு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். இனிப்பு வாங்குவதற்கும் ஸ்காட்லாந்தின் ‘கைசிங்’ முறையே நல்லது. பாட்டு, ஆட்டம், ஜோக் என்று ஏதாவது ஒன்று செய்து காட்டிவிட்டுத்தான் கை நீட்ட வேண்டும்.

மிச்சம்

நவம்பர் முதல் நாள், எரிந்து முடித்த காய்களைக் ‘காட்டு விலங்குகள் தின்னட்டும்’ என்று மரத்தடியில் விடாதீர்கள். முள்ளெலி அதைத் தின்றால் வயிற்றுப்போக்கு வரும், குளிர்காலத் தூக்கத்துக்கு உடம்பு தேற்றும் நேரத்தில் அது ஆபத்து. முளைகளையும் விளக்கையும் எடுத்துவிட்டு, பிள்ளைகளிடம் மரச்சுத்தியைக் கொடுத்துக் காயை உடைக்கச் சொல்லுங்கள். குடைந்த நாளை விட இதில்தான் உற்சாகம் அதிகம் இருக்கும். உடைந்த துண்டுகள் சீக்கிரம் மட்கும். கம்போஸ்ட் தொட்டியில் ஒரு வாளிக் காய்த்துண்டுக்கு இரண்டு வாளி காய்ந்த இலை போட்டு மூடுங்கள், இலை போதாவிட்டால் தொட்டி நாறும். விதைகளைக் கழுவி, காகிதத்தில் பரப்பி, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரு வாரம் உலர்த்தி உறையில் போடுங்கள். ஏப்ரல் கடைசியில் தொட்டியில் 2 செ.மீ. ஆழத்தில், தட்டையாகப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி ஊன்ற வேண்டும்.